பேனல் ரூமில் இன்னும் 2014

786
கோயம்புத்தூர்
4 அக்டோபர் 2025

அன்புள்ள மதிவதனி,

நம் பெருந்துறைக் குளிர் கிடங்குக்காக நீ வரச் சொல்லியிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை நேற்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன். புதுப் பேனலும் வேண்டாம், புது ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"போன்ல ஒண்ணு சொல்றீங்க, அப்பறம் அப்படிச் சொல்லவே இல்லைங்கறீங்க. இனி எதுன்னாலும் எழுதிக் குடுங்க பாய்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். நான் வைப்பதற்கு முன்னால் போனை வைத்த முதல் ஆள் நீதான். சரி, எழுதுகிறேன். உக்கடம் மண்டியிலிருந்து நம் லாரி தினமும் பெருந்துறைக்கு வருகிறது. டிரைவர் மாரப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

ஏன் வேண்டாம் என்றேன்? 2017-இல் மண்டிக் கணக்குக்குப் புது கம்ப்யூட்டர் போட்டோமே, மறந்துவிட்டாயா? பழைய பிரிண்டரை அது அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. எடைமேடையில் எடை விழும், பில் வராது. ரோட்டில் லாரி நின்றது. சத்தியமங்கலம் பாலுசாமி புளி லோடோடு காலையிலிருந்து காத்திருந்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க பாய், பில்லு இன்னைக்கு வருமுங்களா, இல்ல என் பேரன் வந்து வாங்கிக்கட்டுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி வேறு கிடங்குக்கு ஓட்டிப் போனார். போனவர் போனவர்தான். புது கம்ப்யூட்டர் பிறகு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பாலுசாமி திரும்பவில்லை.

மண்டியில் நின்றதற்கே அப்படி. நம் குளிர் கிடங்கின் மூச்சே அந்தப் பேனல் ரூமில்தான் இருக்கிறது. கம்ப்ரசரை ஓட்டுவது, அறைகளின் குளிரைப் பார்ப்பது, குளிரூட்டுகிற அமோனியா கசிந்தால் சைரன் ஊதி ஃபேனைப் போட்டு வால்வை மூடுவது, எல்லாம் அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான். செய்து கொடுத்த கம்பெனி மூடிப்போனது. மென்பொருளின் லைசென்ஸ் 2014 டிசம்பரோடு முடிந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேனா? "டிசம்பர் 31 வந்தா மறுபடி 2014 ஜனவரி ஒண்ணுன்னு தேதியத் திருப்பிப் போடு அம்மணி" என்றேன். நீயும் வருடா வருடம் திருப்புகிறாய். ஊரெல்லாம் 2025. நம் பேனல் ரூமில் இன்னும் 2014. ஓடுகிறதா, இல்லையா? ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்?

உன் அப்பா சின்னானை நான் விசாரித்ததாகச் சொல்.

நசுருதீன்


பெருந்துறை
7 அக்டோபர் 2025

பாய் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எழுதிக் கொடுத்ததற்கு நன்றிங்க.

பாலுசாமி அய்யா போன கதையை இதோடு எத்தனையாவது முறை சொல்கிறீர்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டது ஆசைக்கு அல்ல. போன வாரம் பேனல் கம்ப்யூட்டர் தானாக உறைந்து நின்றது. மவுசை ஆட்டினேன், அசையவில்லை. அணைத்துப் போட்டேன். உள்ளே சரளைக்கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் வந்தது, பிறகு எழுந்தது. அது எழுகிற வரை கிடங்குக்குக் காவல் யாரும் இல்லை. எழுந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மூன்றாம் அறையில் மூட்டை அடுக்கிவிட்டு அப்பா வெளியே வந்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர். "உள்ள காத்து குத்துது அம்மணி" என்றார். நான் பேனல் ரூமுக்கு ஓடிப்போய் அமோனியா அளவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஸ்கிரீன்ல பூஜ்யம்னுதானுங்க காட்டுது."

"எங்கண்ணுல காட்டுதே, அத எந்த ஸ்கிரீன்ல பாக்கறது?"

மூட்டைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் கண் பொய் சொல்லாது. அப்படியென்றால் பொய் சொல்வது எது?

மதிவதனி


786
கோயம்புத்தூர்
8 அக்டோபர் 2025

அன்புள்ள மதிவதனி,

அமோனியா ஓடுகிற கிடங்கில் அமோனியா நெடி வராமல் அத்தர் வாசமா வரும்? வால்வின் பேக்கிங்கை இறுக்கச் சொல். முன்பும் இப்படி வந்திருக்கிறது, இறுக்கினோம், போய்விட்டது.

கம்ப்யூட்டர் உறைந்ததற்கு வழி செய்துவிட்டேன். என் மகன் சஹீருக்கு ஜனவரியில் நிக்காஹ். என் மனைவி சாஜிதா அவனை ஜவுளிக் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அவனை செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு அனுப்பி, அதே மாதிரிப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று எடுத்துவரச் சொன்னேன். கிடைத்துவிட்டது. "அத்தா, இதைக் கேட்டதும் கடைக்காரர் என்னை மியூசியத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்" என்றான். மாரப்பனிடம் அனுப்பியிருக்கிறேன். நம் பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் அட்டைகளை எல்லாம் கழற்றி இதில் மாட்டிக்கொள்.

செலவுக்குப் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. தலைச்சுமையில் புளி விற்றவன் நான். போட வேண்டிய இடத்தில் போடுவேன். எனக்குப் பயம் வேறு. அந்தக் கம்பெனிக்காரரை உட்கார வைத்துக் கேட்டேன்.

"மாத்துனா கிடங்கு எத்தன நாள் நிக்குமுங்க?"

"ரெண்டே நாளுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "புதுசு வரப்போ சின்னச் சின்னப் பிரச்சனை இருக்கத்தான் செய்யுமுங்க."

"உங்க சின்னப் பிரச்சனையில எம் புளி இளகிப்போச்சுன்னா, கரைச்சு ரசம் வெச்சுக் குடுத்துட்டுப் போவீங்களா?"

சஹீர் சிரித்துவிட்டான். வந்தவர் சிரிக்கவில்லை. விற்கிறவனுக்கு அது ஒரு வேலை, முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவான். நின்றுபோனால் கிடங்கு வாசலில் நிற்பவன் நான். இன்னொன்றும் சொன்னார்: புது சிஸ்டத்துக்கு இன்டர்நெட் வேண்டுமாம். திருப்பூரில் எனக்குத் தெரிந்த பனியன் கம்பெனியில் ஒருநாள் காலையில் அத்தனை கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டன. எங்கோ முகம் தெரியாத ஒருவன் பூட்டிவிட்டுப் பணம் கேட்டான். நம் பேனல் ரூமுக்கு வெளியுலகத்தோடு ஒரு ஒயர்கூடக் கிடையாது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

நசுருதீன்


பெருந்துறை
11 அக்டோபர் 2025

பாய் அவர்களுக்கு,

பழைய பெட்டி வந்தது. நான் மாட்டவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். தயவுசெய்து நின்று படியுங்கள், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு படிக்காதீர்கள்.

மூன்றாம் அறையில் கசிவைக் கண்டுபிடிக்கிற சென்சாருக்கு நேர்கீழே ஏணி போட்டு ஏறினேன். ஒரு துணியை அமோனியாத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் பிடித்தேன். என் கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. கீழே நின்றவரிடம் ஸ்கிரீனில் என்ன என்று கத்திக் கேட்டேன். "பூஜ்யமுங்க" என்றார். மற்ற அறைகளிலும் அதேபோலப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. எல்லாச் சென்சாரும் செத்துப் போயிருக்கின்றன பாய். காற்று சுத்தமாக இருப்பதால் பூஜ்யம் காட்டவில்லை. உயிர் இல்லாததால் காட்டுகிறது.

மாதாமாதம் டெஸ்ட் பட்டனை அழுத்தி சைரனைச் சரிபார்ப்போமே. அது பட்டனுக்கு ஊதியது. அமோனியாவுக்கு அல்ல.

காரணத்தையும் கண்டுபிடித்தேன். அந்தச் சென்சார்கள் 2013 ஜூனில் மாட்டியவை. இரண்டு வருடம்தான் ஆயுள். ஆயுள் முடிந்ததும் மாற்றச் சொல்லி ஸ்கிரீனில் சிவப்பில் எழுத்து வரும்படி அந்த மென்பொருளிலேயே வைத்திருக்கிறார்கள். 2015 ஜூனில் வந்திருக்க வேண்டும். நம் பேனல் ரூமுக்கு 2015 வரவே இல்லை. நாம் வரவிடவில்லை. நீங்கள் சொன்னீர்கள், என் கையால் நான் திருப்பினேன்.

இப்போது கிடைக்கிற சென்சார்கள் இந்தப் பழைய அட்டையில் பொருந்தாது. அட்டையை மாற்றினால் எக்ஸ்பி ஏற்காது. எதைத் தொட்டாலும் மொத்தமும் மாற வேண்டும். மூன்றாம் அறையைப் பூட்டிவிட்டேன். ஃபேன்களை நேரடி லைனில் போட்டு எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். கம்பெனிக்காரர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

மதிவதனி


786
கோயம்புத்தூர்
13 அக்டோபர் 2025

அன்புள்ள மதிவதனி,

நின்றுதான் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

நான் முட்டாள் இல்லை. நீ எழுதியது புரிந்தது. மாற்றுவோம். பொங்கலுக்குள் புளி வெளியே போய்விடும், அறைகள் காலியானதும் மாற்றுவோம். இதை எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

ஆனால் மூன்றாம் அறையை இந்த வாரம் திறக்க வேண்டும், இடம் அதில்தான் இருக்கிறது. பாலுசாமி திரும்பி வருகிறார். எட்டு வருடம் கழித்து அவராகவே போன் செய்தார். அவர் சரக்கு வைத்திருக்கிற கிடங்கில் இரண்டு நாள் குளிர் நின்றுவிட்டதாம், புளி கறுத்துவிட்டதாம். ஏன் நின்றது தெரியுமா? புது சிஸ்டம் மாற்றினார்களாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உங்க பழைய பெட்டியே மேலுங்க பாய்" என்கிறார். அவரிடம் போய் என் பெட்டியும் செத்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறாயா?

புதன்கிழமை அவருடைய லோடு வருகிறது. முகமூடிகள் அனுப்பியிருக்கிறேன், நல்லவை. கதவைத் திறந்தே வைத்து அடுக்கச் சொல். ஃபேன்தான் ஓடுகிறதே. அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

நசுருதீன்


பெருந்துறை
18 அக்டோபர் 2025

பாய் அவர்களுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது தெரியும். வார்டு வாசலில் ஆப்பிள் பையோடு நின்றுவிட்டு, உள்ளே வராமல் பையை நர்சிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்பா ஆப்பிள் சாப்பிடமாட்டார். பரவாயில்லை.

நடந்ததை என்னை எழுதச் சொல்லி மாரப்பன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி மூன்றாம் அறையைத் திறந்துவிட்டேன். பாலுசாமி அய்யாவின் லோடில் பாதி அடுக்கியாகிவிட்டது. மூட்டை வண்டி சறுக்கி மூலையில் இருந்த குழாய் வால்வில் இடித்தது. பழைய வால்வு, தலை பெயர்ந்துவிட்டது. வெள்ளைப் புகையாக வந்தது. சைரன் ஊதவில்லை. வால்வு மூடிக்கொள்ளவில்லை. நான் பேனல் ரூமில் இருந்தேன். ஸ்கிரீனில் பூஜ்யம். ஆட்கள் அலறுகிற சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். கையால் மெயின் வால்வை மூடினேன். மற்றவர்கள் கதவுப் பக்கம் இருந்தார்கள், வெளியே வந்துவிட்டார்கள். அப்பா உள்மூலையில் இருந்தார். முகமூடி மூக்கையும் வாயையும் மூடுவது. கண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இடது கண் தேறும் என்கிறார் டாக்டர். வலது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணின் கட்டைப் பிரித்ததும் "என்னப்பா தெரியுது?" என்று கேட்டேன்.

"பூஜ்யந்தான் அம்மணி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் முடியவில்லை.

மதிவதனி


786
கோயம்புத்தூர்
19 டிசம்பர் 2025

அன்புள்ள மதிவதனி,

இரண்டு மாதமாக நீ மாரப்பனிடம் வரவு, பற்று, குளிர் அளவு மட்டும் எழுதி அனுப்புகிறாய். கீழே ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை. ஏன் என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஆர்டர் கொடுத்து அட்வான்ஸ் கட்டிவிட்டேன். அது நடந்த மறுவாரமே கட்டினேன். புதுப் பேனல், புது கம்ப்யூட்டர், புது சென்சார், எல்லாம். டிசம்பர் முதல் வாரம் என்றார்கள். இப்போது பெட்டி துறைமுகத்தில் நிற்கிறதாம். ஜனவரி மூன்றாம் வாரம் என்கிறார்கள். "முன்னப்பின்ன ஆகுமுங்க" என்கிறார் அதே ஆள். இந்த முறை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

நீ அறிந்ததுதான். டிசம்பர் 31 வருகிறது. தேதியைத் திருப்பாவிட்டால் மென்பொருள் நின்றுவிடும். கம்ப்ரசரைக் கையால் ஓட்டுகிற சுவிட்சுகளை அந்தப் பேனல் போட்டபோதே கழற்றிவிட்டார்கள். கம்ப்ரசர் நின்றால் அந்தப் பழைய குழாய்களில் அழுத்தம் ஏறும். புளிக்காகச் சொல்லவில்லை. புளி போகட்டும். அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

தேதியை மாற்றுகிற பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்கிறது. இந்த ஒரு முறை திருப்பு. என்ன வேண்டும் என்று எழுது.

நசுருதீன்


பெருந்துறை
22 டிசம்பர் 2025

பாய் அவர்களுக்கு,

ஏன் போகவில்லை என்றால், நான் போனால் என் நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்காருவார். அவர் அந்தப் பூஜ்யத்தை நம்புவார்.

நிறுத்துவதைவிட ஓட்டுவது மேல் என்று எனக்கும் தெரியும். அதிகாரிகளுக்குப் புகார் எழுதிப்போடச் சொல்லி எங்கள் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். எழுதினால் சீல் வைப்பார்கள். சீல் வைத்த கட்டடத்துக்குள் கம்ப்ரசரை ஓட்ட ஆள் இல்லாமல் அழுத்தம் ஏறும். சுவரை ஒட்டி எத்தனை வீடு இருக்கிறது என்று நீங்கள் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நாள் தள்ளத் தள்ள, சரி செய்கிற வழியும் ஆபத்தாகிவிட்டது. அமோனியாவைக் கண்டுபிடிக்க, கையில் பிடிக்கிற மீட்டர் வாங்கிவிட்டேன். அது கத்தும், வால்வை மூடாது.

தேதியைத் திருப்புகிறேன். என் நிபந்தனை ஒன்றுதான். புதுப் பேனல் ஓடத் தொடங்கும் வரை, எந்த அறையின் கதவைத் திறந்தாலும் முதலில் உள்ளே போவது உங்கள் மகன் சஹீர். எல்லாரும் வெளியே வந்த பிறகு கடைசியில் வருவதும் அவன்தான்.

நீங்கள் வருகிறேன் என்று சொல்வீர்கள். வேண்டாம். உங்கள் உயிரை நீங்கள் வியாபாரத்துக்காக எத்தனையோ முறை பணயம் வைத்தவர். உங்களுக்கு அது பழகிப்போனது. எங்கள் அப்பா உள்ளே போகும்போது நான் வெளியே நின்ற மாதிரி, உங்கள் மகன் உள்ளே போகும்போது நீங்கள் நிற்க வேண்டும்.

சஹீர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பையன். அப்பாவைப் பார்க்க மூன்று முறை வந்தான். வார்டுக்கு உள்ளே வந்தான்.

மதிவதனி


786
கோயம்புத்தூர்
27 டிசம்பர் 2025

அன்புள்ள மதிவதனி,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். கிழித்துப் போடலாம் என்றும் இருந்தது. சஹீர்தான் சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துப் படித்துவிட்டான்.

"சின்னான் அண்ணன் மகள் கேட்டதில் என்ன தப்பு அத்தா?" என்றான்.

"உனக்கு நிக்காஹ்டா."

"அவர் மூட்டை தூக்கப் போகும்போது அவருக்கு வீடு இல்லையா?"

நான் ஆயிரம் பேரோடு விலை பேசியிருக்கிறேன். இதற்கு விலை பேசாமல் பேனாவை எடுத்தேன். சாஜிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெருந்துறையில் கணக்கு முடிக்கிற வேலை என்று சொல்லியிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக்கூட நேரம் இல்லாமல் அப்படி என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பேசி முடித்ததை எழுத்தில் தருகிறேன்.

புதுப் பேனல், கம்ப்யூட்டர், சென்சார், பொருத்துகிற கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம், ஜிஎஸ்டி தனி. பாதி கட்டியாகிவிட்டது. மீதி, ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக நீ துணி பிடித்துப் பார்த்து, சைரன் ஊதிய பிறகு. உன் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் போகாது.

உன் அப்பாவின் கண் வைத்தியச் செலவு முழுவதும் என்னுடையது. மாதச் சம்பளம், வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும், அவர் இருக்கும் வரை.

புதுசு ஓடுகிற வரை பாலுசாமி சரக்கு உட்பட எந்த மூட்டையும் நீ சொல்லாமல் அசையாது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 31 அன்று நீ தேதியைத் திருப்ப வேண்டியது. இதுவே கடைசி முறை.

சஹீர் 31 காலையில் மாரப்பன் வண்டியில் வருகிறான். முதலில் உள்ளே போவான், கடைசியில் வெளியே வருவான். கீழே அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

நீ கேட்காத ஒன்றை நான் சேர்க்கிறேன். அவன் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் நான் பேனல் ரூமில் உன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நசுருதீன்
ந. சஹீர்